நின்றுகொண்டு படிக்க ஒரு புத்தகம்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எனக்குப் படிக்கக் கிடைத்த நேரத்தில் பெரும்பகுதி பஸ்ஸில்தான், அதுவும் நின்றுகொண்டு. விடியுமுன் புக்கிட் மெர்தாஜாமில் பஸ் ஏறி, ஃபெரியில் கடல் தாண்டி எதிரே இருக்கும் தீவுக்குப் போய், துறைமுகத்தை ஒட்டிய கப்பல் அலுவலகமொன்றில் கிராணி, அதாவது குமாஸ்தா, வேலை பார்த்தேன். வீடு திரும்பினால் அடுப்பு, பிள்ளைகள், துணி. வணிகத் தேர்வில் இரண்டு முறை தோற்றிருந்தேன். மூன்றாவதிலும் தோற்றால் பிறகு எழுத விடமாட்டார்கள், ஆயுசுக்கும் கிராணிதான். பாடப்புத்தகமோ செங்கல் கனம். ஒரு கை கம்பியைப் பிடித்தால் மற்றக் கையால் அதைத் தூக்கிப் படிக்க முடியாது.

அப்போதுதான் தீவில், ஜார்ஜ் டவுனில், ஒரு மின்சாதனக் கடையில் அந்தக் கருவியைப் பார்த்தேன். உள்ளங்கை அகலம், சின்னத் திரை, கீழே பொத்தான்கள். ஒரு வட்டைச் செருகினால் வணிகக் கலைக்களஞ்சியம் முழுவதும் அதில் வருமாம். என் பாடத்தில் பெரும்பகுதி அதில் இருந்தது. கடையில் வேலை பார்த்த அண்ணன் ஒருவர் போட்டுக் காட்டினார்.

"நல்லாத்தான் இருக்குண்ணே. ஆனா இங்க வெளிச்சத்துல நாற்காலி போட்டுப் படிச்சா எல்லாமே நல்லாத்தான் இருக்கும். நான் பஸ்ல நின்னுக்கிட்டுப் படிக்கிறவ. அங்க படிச்சுப் பார்த்துட்டுத்தான் வாங்குவேன்."

"அக்கா, இது கடைலா, லைப்ரரி இல்ல."

மறுநாள் போனேன். அதற்கு மறுநாளும் போனேன். ஒரு வாரம் மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு அவர் முன்னால் போய் நின்றேன். வெள்ளிக்கிழமை என் வளையலைக் கழற்றி மேசைமேல் வைத்ததும் அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "நாளைக்கு மதியம் கொண்டாந்துடணும், முதலாளி ஊர்ல இல்லாததால கொடுக்கிறேன்" என்றார்.

அன்று மாலை பெருமழை. நனைந்துவிடுமோ என்று பையைத் திறக்கவே இல்லை. வீட்டில் சரஸ்வதி பூஜைக்கு மாமி, என் கணவரின் தாயார், புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். நான் குளித்துவிட்டு வருவதற்குள் கருவியும் பையிலிருந்து அடுக்கின் உச்சிக்கு ஏறியிருந்தது. திரையின் நடுவில் சந்தனம், அதன்மேல் குங்குமம்.

மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பும்போது கை நீட்டினேன்.

"பூஜையில வச்ச புத்தகத்தை இன்னைக்குத் தொடுறதா?" என்றார் மாமி.

"இது மெஷின் மாமி."

"மெஷினுக்கும் இன்னைக்குத்தான் பூஜை. எப்படிப் பார்த்தாலும் நாளைக்குத்தான்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனாலும் பூஜையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போக மனம் வரவில்லை. அலுவலகத்திலிருந்து கடைக்குப் போன் போட்டுக் கெஞ்சினேன். "திங்கட்கிழமை முதலாளி வந்துடுவார்க்கா, அதுக்குள்ள கண்டிப்பா" என்றார் அந்த அண்ணன்.

ஞாயிறு விஜயதசமி. வேலையில்லாத நாளிலும் இருட்டோடு எழுந்து, பூஜையில் வைத்ததை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். பஸ்ஸில் ஏழெட்டுப் பேர்தான். நான் கம்பியைப் பிடித்து நின்றேன்.

"சீட்டெல்லாம் காலியா இருக்கே, உட்காருங்கம்மா" என்றார் கண்டக்டர்.

"இல்லண்ணே, நின்னாத்தான் தெரியும்."

தெரியத்தான் செய்தது. திரைக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. பஸ்ஸின் மங்கல் பல்பில் எழுத்துகள் சாம்பலில் எழுதியதுபோல் இருந்தன. பக்கத்தைத் தள்ளும் பொத்தானில் சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது. ஃபெரியில் வெயில் வந்தபிறகு நன்றாகப் படிக்க முடிந்தது. ஆனால் ஃபெரியில்தான் எனக்கு உட்கார இடம் கிடைக்குமே! அங்கே செங்கல்லே போதும். எனக்கு அழுகை முட்டியது. ஒன்று மட்டும் உறைத்தது: பஸ்ஸில் அவ்வளவு நேரம் ஒரே கையில் பிடித்திருந்தும் கை வலிக்கவில்லை. அந்தப் பல்பில் காகிதத்து எழுத்து எனக்குத் தெரியும், இடைஞ்சல் கனம்தான்.

ஞாயிற்றுக்கிழமை கடை பூட்டியிருக்கும் என்பதால், திங்கட்கிழமை காலையே முதலாளி வருமுன் பஞ்சால் துடைத்துத் திருப்பிக் கொடுத்தேன். ஓரத்தில் மிச்சமிருந்த சந்தனத்தைப் பார்த்து அந்த அண்ணன், "பூஜையே போட்டாச்சு, வாங்கிடுவீங்கதானே?" என்றார்.

"இல்லண்ணே, மன்னிச்சுக்குங்க" என்று வளையலைப் போட்டுக்கொண்டேன்.

அன்று மாலை பாடப்புத்தகத்தைச் சமையலறை மேசையில் கவிழ்த்துக் கத்தியை எடுத்தேன். கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற வீடு அது.

"அடி பாவி, புத்தகத்துல கத்தி வைக்கிறியா?" என்று மாமி ஓடிவந்தார்.

"வச்சுத்தான் ஆகணும் மாமி. இதைத் தூக்க முடியாமத்தான் ரெண்டு தடவை தோத்தேன்."

முதுகோடு கிழித்தேன். ஒவ்வொரு கிழிப்புக்கும் உள்ளுக்குள் மன்னிப்புக் கேட்டேன். ஒன்பது துண்டுகள். மாமி விறுவிறுவென்று உள்ளே போனார். இனி என்னோடு பேச மாட்டார் என்றே நினைத்தேன். தலையணை தைக்கிற தடித்த ஊசியும் நூலுமாகத் திரும்பி வந்து எதிரே உட்கார்ந்தார்.

"இப்படியே விட்டா உதிர்ந்துடும். இங்க கொடு."

அடுத்த வருஷம் சரஸ்வதி பூஜையில் அந்த ஒன்பதையும் மாமிதான் வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம். கடைசியில், நான் தேர்வில் தேறியதாக வந்த கடிதத்தைக் கேட்டு வாங்கி, எல்லாவற்றுக்கும் மேலே வைத்து, அதற்கும் ஒரு பொட்டு வைத்தார்.