நீல வெள்ளைக் கொடி

தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பல் வந்து நிற்கும் மேடையின் தூண்களை, தண்ணீருக்குள் இறங்கிச் சோதிப்பது என் வேலை. இறங்கும்போது எங்கள் படகில் நீலமும் வெள்ளையுமாக ஒரு கொடி பறக்க வேண்டும். பழையது உப்புக்காற்றில் நைந்துவிட்டது.

விடுப்பில் மதுரை திருநகர் வீட்டுக்கு வந்தவன், இன்று காலை காளவாசலில் ஒரு டெய்லர் அண்ணனிடம் போனேன். கட்சிக் கொடி தைத்தே பேர் வாங்கியவர்.

மாதிரிப் படத்தைப் பார்த்தார்.

"புதுக் கட்சியா தம்பி? தலைவர் படம் எங்க வைக்கணும்?"

"கட்சி இல்லண்ணே. இந்தக் கொடி பறந்தா தண்ணிக்குள்ள ஆளு இருக்குன்னு அர்த்தம். கப்பலு, படகு எல்லாம் வேகத்தக் குறைச்சுத் தள்ளிப் போகணும். இல்லேன்னா நான் கைமாதான்."

"போறாய்ங்களா?"

"போறாய்ங்கண்ணே."

மெஷினை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்.

"ஒரு கொடியப் பாத்துட்டு அம்புட்டுப் பெரிய கப்பல் ஒதுங்குதா? அப்ப மிச்சத் துணியில எனக்கும் ஒண்ணு தச்சுக்கிறேன். தெனமும் இந்த ரோட்டத் தாண்டித்தான் டீ குடிக்கப் போறேன்."

பத்து வருடமாகக் கடலில் இறங்குகிறேன். அந்த ரோட்டைக் கடக்க எனக்கும் பயம்தான். மூன்றாகத் தைக்கச் சொல்லிவிட்டேன்.

வேறு யாருக்கெல்லாம் வேண்டும், கீழே சொல்லுங்கள். தலைவர் படம் கிடையாது.