பெயர் வேண்டாம் என்றார்கள், நான் நம்பரைப் போட்டேன்

போட்டோஸ்டேட் மெஷினிலிருந்து அப்போதுதான் வந்த தாள்... கையில் வாங்கினால் இளஞ்சூடாக இருந்தது. ஏர்கோன் குளிரில் விரல் விறைத்துப்போயிருந்த எங்களுக்கு அந்தச் சூடே பெரிய உபகாரம்.

மலேசியாவின் ஜொகூரில் நான் மருத்துவம் படித்த முதல் வருடம். ‘இன்டகிரேட்டட்’ பாடத்திட்டம் எங்கள் பேட்ச்சில்தான் ஆரம்பம். சீனியர்கள் அனாட்டமி தனி, பிசியாலஜி தனி, மருந்து தனி என்று படித்தவர்கள். எங்களுக்கு இதயம் என்றால் அதன் அமைப்பு, வேலை, நோய், மருந்து எல்லாம் ஆறே வாரத்தில் ஒன்றாக வரும். சீனியர்கள் ஆசையாகக் கொடுத்த நோட்ஸ் ஒரு பெட்டி நிறையக் கிடந்தும் எதை எங்கே தேடுவது என்றே தெரியவில்லை.

யோசனை நல்ல யோசனைதான். ஆனால் டைம்டேபிள் இருக்கிறதே... ரத்த அழுத்தத்துக்கான மருந்து செவ்வாய்க்கிழமை. ரத்த அழுத்தம் என்றால் என்ன என்பது வெள்ளிக்கிழமை!

அந்தச் சூடான தாள், மாணவர் கருத்துப் படிவம். பெயர் எழுத வேண்டாம், மனதில் இருப்பதை எழுதுங்கள் என்றார்கள். மற்றவர்கள் ‘ஓகே’, ‘குட்’ என்று எழுதிவிட்டு கேண்டீனுக்கு ஓடினார்கள். எனக்கு வாய்க்கொழுப்பு கொஞ்சம் ஜாஸ்தி. கூரையைப் போட்டுவிட்டு அப்புறம் சுவர் எழுப்புகிறீர்கள் என்று தொடங்கி, பின்பக்கம் வரை எழுதித் தள்ளினேன்.

கேண்டீனில் பாலில்லாத தே ஓ ஐஸ் குடிக்கும்போதுதான் பொறி தட்டியது. பரீட்சை எழுதிய பழக்கத்தில், தாளின் தலையில் என் மாணவர் பதிவெண்ணான மெட்ரிக் நம்பரைப் போட்டிருந்தேன். அழகாக, கொட்டை எழுத்தில்.

என் ரூம்மேட் ஜெசிந்தா, ஜொகூரிலேயே ரெங்கம் என்ற ஊர்ப் பெண். சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது அவளுக்கு.

“அலமாக்! பேரு வேணாம்னுதானே சொன்னாங்க? ஐசி கார்டு நம்பரையும் சேத்து எழுதியிருக்கலாம்லா!”

“சும்மா இருடி. அந்த டைம்டேபிள போட்டதே டாக்டர் குணாதானாம்...”

டாக்டர் குணா எங்கள் ‘பிளாக்’கின், அதாவது அந்த ஆறு வார இதயப் பாடப்பகுதியின், பொறுப்பாளர். அடுத்த வாரமே இதயப் பரீட்சையின் ரிசல்ட் வந்தது. நான் பார்டர்லைன். அப்படியென்றால் நேரில் வைவா, வாய்மொழித் தேர்வு. அதிலும் கோட்டைவிட்டால் முதலாம் ஆண்டை மறுபடி படிக்க வேண்டும். எங்கள் ஊர் தம்போயில் அம்மாவோ, மகள் டாக்டராகிவிட்டாள் என்று தெரு முழுக்க அறிவித்தே விட்டாள்.

வைவா அறைக் கதவைத் திறந்தேன். உள்ளே டாக்டர் குணா. அவர் மேசையில் ஒரு ஃபைல். அதிலிருந்து எட்டிப் பார்த்தது என் கையெழுத்து.

நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தேன்.

எல்லாம் இங்கிலீஷில் கேட்டார். இதயம் பலவீனமான ஒருவருக்குக் கால் ஏன் வீங்குகிறது? என்ன மருந்து? ஏன் அந்த மருந்து? நடுங்கிக்கொண்டே ஆரம்பித்தேன்... இதயத்தின் அறையில் தொடங்கி, ரத்தக்குழாய், சிறுநீரகம், கடைசியில் மாத்திரை வரை வந்து நின்றேன். சொல்லச் சொல்லத்தான் எனக்கே தெரிந்தது. நான் அவ்வளவு திட்டிய பாடத்திட்டம் தலைக்குள் ஒழுங்காகத்தான் சேர்ந்திருந்தது.

அவர் பேனாவை மூடினார். அப்போதுதான் தமிழ் வந்தது.

“பாஸ்மா. போய்ச் சாப்புடு.”

நான் எழுந்திருக்கவில்லை. “சார்... அந்த ஃபார்ம்...”

“படிச்சேன். மீட்டிங்லயும் படிச்சுக் காட்டினேன், நம்பர மறைச்சிட்டு. அடுத்த பிளாக்ல மருந்து கடைசியிலதான் வருது. போதுமா?”

வெளியே காத்திருந்த ஜெசிந்தாவைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன்.

“ஃபெயிலாடி?”

“பாஸுடி!”

“அப்புறம் ஏன் அழுவுற, கீலா! பைத்தியமே!”

இப்போது நானும் ஜொகூரிலேயே ஒரு மருத்துவமனையில் இருக்கிறேன். வாரம் ஒருநாள் மாணவர்கள் என் வார்டுக்கு வருகிறார்கள். அதே மாதிரிப் பாடத்திட்டம்தான். போன வாரம் தங்காக்கிலிருந்து வந்து படிக்கும் ஒரு பெண் என் கண்ணைப் பார்த்து, “டாக்டர், நியூரோ பிளாக் ரொம்ப மோசம்லா. சும்மா ஓட்டிட்டுப் போறாங்க, ஒண்ணும் நிக்கல” என்றாள்.

அவளுக்குக் குரல்கூட நடுங்கவில்லை. ஒரு நொடி எனக்குத்தான் நடுங்கியது, பழைய ஞாபகத்தில்... அப்புறம் அப்பாடா என்றிருந்தது. நாங்கள் பயந்து செத்ததை இவர்கள் முகத்துக்கு நேரே சொல்கிறார்கள். கொஞ்சம் பொறாமையும்தான், மறைப்பானேன்.

“வேற என்ன மோசம், சொல்லு” என்றேன்.

அரைமணி நேரம் சொன்னாள்!