தோண்டக் கூடாத செடி

எங்கள் வீடு காக்ஸ் டவுனில், இரண்டு பக்கமும் அபார்ட்மென்ட் எழும்பிவிட்ட ஒரு குறுக்குத் தெருவில் இருக்கிறது. கேட்டைத் திறந்ததும் சிமென்ட் நடைபாதை, ஓரத்தில் ஒரு பட்டர் ஃப்ரூட் மரம், மரத்தடியில் வெயில் சரியாக விழாத ஒரு பாத்தி. அதில் எத்தனையோ வருஷம் புதினா போட்டும் எனக்கு ஒரு வேளைத் துவையலுக்கு மேல் தேறியதில்லை. என் கணவர் குன்னூரிலிருந்து ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்த ஒற்றை வேரை அங்கேதான் நட்டார்.

அவர் சர்ச் கொயரில் முப்பது வருஷமாக பேஸ் என்கிற அடிக்குரல் பாடியவர். கொயர் உட்காரும் இடத்துக்கு நேர் எதிரே இரண்டு தூண்கள். தூண்களின் தலையில் சுருண்டு வளைந்த கல் இலைகள். பிரசங்கம் நீளும் ஞாயிறுகளில் அந்த இலைகளை எண்ணிக்கொண்டிருப்பாராம். யாரோ கற்பனையாகச் செதுக்கியது என்றே நினைத்திருந்தார். குன்னூரில் ஒரு நண்பர் வீட்டுத் தோட்டத்தில் அதே இலை பச்சையாக மழையில் நனைந்து நிற்பதைப் பார்த்ததும், சாப்பாட்டைக்கூட மறந்து அதன் முன்னால் உட்கார்ந்துவிட்டார். அகாந்தஸ் என்று நண்பர் பெயர் சொன்னார். எங்கள் வீட்டில் அதற்குத் தூண் இலை என்றுதான் பெயர்.

முதல் வருஷம் நான்கே இலை. இதற்கா இவ்வளவு தூரம் என்று அவரைக் கேலி செய்தேன். இரண்டாம் வருஷம் கேலி அடங்கிப்போயிற்று. ஒவ்வொரு இலையும் என் முழங்கை நீளம், எண்ணெய் தடவியது போன்ற கரும்பச்சை. கோடையில் நடுவிலிருந்து ஒரு தண்டு கிளம்பி என் நெஞ்சு உயரத்துக்கு வந்து நின்றது. அதில் அடுக்கடுக்காக வெள்ளைப் பூ, ஒவ்வொன்றின் மேலும் ஊதா நிறத்தில் ஒரு முக்காடு. காய் காய்ந்த பிறகு மத்தியான வெயிலில் பட்டென்று வெடித்து, விதை வந்து ஜன்னல் கண்ணாடியில் அடித்தது. யாரோ கல் எறிகிறார்கள் என்று திட்டுவதற்காகவே கதவைத் திறந்தேன். வாசலில் யாரும் இல்லை. இன்னொரு காய் என் கண்ணெதிரே வெடித்தது. நட்ட இடத்தில் நிற்கிற ஒரு செடிக்கு இத்தனை தெம்பு இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. பிரமித்துப்போய் வெகுநேரம் நின்றேன்.

பிரமிப்பு ஒரு பக்கம், புதினா ஒரு பக்கம். அடுத்த மழைக்குள் என் புதினா இருந்த இடமே தெரியவில்லை. கறிவேப்பிலைக் கன்றைச் சுற்றியும் தூண் இலை வந்துவிட்டது. பிடுங்கி எறியுங்கள் என்று நான் சண்டை போட்டேன். அவரிடம் ஒரே ஒரு சட்டம்தான் இருந்தது. தோண்டக் கூடாது. வேண்டாத இடத்தில் முளைத்தால் தரையோடு இலையை அறுக்க வேண்டும், மறுபடி வந்தால் மறுபடி அறுக்க வேண்டும், விதை முற்றும் முன் தண்டை வெட்ட வேண்டும். சமையலறைக் கதவுக்குப் பின்னால் அதற்கென்று ஒரு பழைய கத்தியை மாட்டி வைத்திருந்தார். சனிக்கிழமைதோறும் அதை எடுத்துக்கொண்டு குந்திவிடுவார்.

"வேர்ல கை வெக்காத. இலையில்லாம எத்தன நாளைக்குத்தான் தாங்கும், அதுவே ஓய்ஞ்சிடும்," என்பார்.

எனக்குப் பொறுமை சுட்டுப்போட்டாலும் வராது. ஒரு நாள் அவர் வெளியே போன நேரம் பார்த்து மண்வெட்டியை எடுத்தேன். வேர் விரல் தடிமனில் வெள்ளையாக இருந்தது, முள்ளங்கி போல மளுக்கென்று உடைந்தது. உடைந்ததற்குக் கீழே இன்னும் போனது. இரண்டடி தோண்டியும் முடிவு தெரியவில்லை. வந்த கோபத்தில் கிடைத்ததையெல்லாம் கொத்திக் கொத்தி, உரக்குழி மண்ணோடு கலந்து, சிமென்ட் சாக்குகளில் நிரப்பி வைத்தேன். ஒரு பகுதியைப் பாத்திக்கே திரும்பப் போட்டேன். செத்த வேர் நல்ல உரம் என்று நினைப்பு.

அடுத்த வாரம் எங்கள் சர்ச்சில் அறுப்பின் பண்டிகை. வீட்டில் விளைந்ததை ஆளுக்கொன்றாகக் கொண்டுவந்து ஆராதனையில் படைத்துவிட்டு, பிறகு சர்ச் காம்பவுண்டில் ஏலம் விடுவார்கள். வாழைத்தார், முருங்கைக்கீரை, முட்டை, கேக், ஊறுகாய் எல்லாம் வரும். என் தோட்டத்தில்தான் ஒன்றும் விளையவில்லையே. மண்ணும் கர்த்தர் கொடுத்ததுதானே என்று சாக்குகளைச் சின்னப் பைகளாகப் பிரித்து, 'வீட்டு உரமண்' என்று எழுதிக் கொண்டுபோனேன். கேக்குக்கு முன்னால் என் மண் தீர்ந்துபோயிற்று. மைக்கில் எனக்கு நன்றி சொன்னார்கள். தலைகால் புரியாமல் வீட்டுக்கு வந்தேன்.

ஆறேழு வாரம் போயிருக்கும். பாத்தியில் புதிதாக முளைத்த தூண் இலைக் கன்றுகளை முப்பது வரை எண்ணிவிட்டு நிறுத்திக்கொண்டேன். அன்று சாயங்காலமே போதகரின் மனைவி போன் செய்தார்.

"சிஸ்டர், உங்க மண்ணுல ரோஜா வெச்சேன். ரோஜா அப்படியேதான் நிக்குது. பக்கத்துல பெருசு பெருசா ஏதோ கீர மாதிரி வருது. அத சமைக்கலாமா?"

அவரைத் தொடர்ந்து ஆர்கன் வாசிப்பவர், பிறகு சண்டே ஸ்கூல் டீச்சர். என் கணவர் பாத்தியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "தோண்டினியா?" என்று மட்டும் கேட்டார். படியில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"நகத்தளவு வேர் போதும்டி அதுக்கு. நீ ஊருக்கே குடுத்துட்டு வந்திருக்க."

அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் கத்தியும் கையுமாக ஸ்கூட்டரில் வீடு வீடாகப் போனார். எல்லோரிடமும் அதே சட்டம். தோண்டாதீங்க, அறுத்துக்கிட்டே இருங்க.

போன மழைக்காலத்தில் ஒரு காலை, பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்து விழுந்தார். ஸ்ட்ரோக். வலது கையும் காலும் போயின, பேச்சும் போனது. நாம் பேசுவது அவருக்குப் புரியும், ஆனால் பேச்சு திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்று டாக்டர் சொன்னார். கை கால் எப்படியோ போகட்டும், அந்தக் குரலை மட்டும் திருப்பிக் கொடு என்று ஜெபித்தேன். பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் பசு, கடிகாரம், டம்ளர் என்று படம் போட்ட அட்டைகளைக் காட்டினாள். அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். மாதங்கள் போயின. ஒரு வார்த்தை வரவில்லை.

கதவுக்குப் பின்னால் கத்தி தொங்கியது. அதைத் தொட எனக்கு மனம் வரவில்லை. செடி பாத்தியை நிரப்பி, நடைபாதை சிமென்டில் இருந்த மயிரிழை விரிசலைக் கண்டுபிடித்து, சில்லைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தது. குனிந்து தொட்டுப் பார்த்தேன். கொழுந்து என் காதுமடலை விட மென்மையாக இருந்தது. இதுவா சிமென்டை உடைத்தது என்று நம்பவே முடியவில்லை.

ஒரு சாயங்காலம் அவரை வீல்சேரில் வைத்து கேட் வரை தள்ளிக்கொண்டு போனேன். சக்கரம் அந்த விரிசலில் முளைத்த புதரில் சிக்கியது. பலமாகத் தள்ளினேன். நாற்காலி சாய்ந்து, உணர்வில்லாத அவர் கால் பலகையிலிருந்து நழுவித் தரையில் உரசியது. அடிபடவில்லை. ஆனால் எனக்குள் இருந்ததெல்லாம் பொங்கிவிட்டது. செடி மேல், படம் போட்ட அட்டைகள் மேல், கர்த்தர் மேல் எல்லாம் கோபம். அவர் காலை எடுத்து வைத்துவிட்டு மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். என்ன ஆகும் என்று தெரிந்தேதான் ஓங்கினேன். முதல் வெட்டில் வெள்ளை வேர் தெறித்தது. இரண்டாம் முறை ஓங்கினேன்.

"தோண்டாத."

மண்வெட்டி அந்தரத்திலேயே நின்றது. பாதி எழுத்து கரைந்துபோன, கரகரத்த குரல். ஆனால் அடியிலிருந்து வரும் அதே பேஸ். திரும்பிப் பார்த்தேன். பேசியது யார் என்று தெரியாதவர் போல அவரும் திகைத்துப்போய் உட்கார்ந்திருந்தார்.

"இன்னொரு வாட்டி சொல்லுங்க," என்றேன்.

உதடு கோணியது, தாடை நடுங்கியது.

"தோண்டாத... டி."

இடது கையைத் தூக்கிச் சமையலறைப் பக்கம் காட்டினார். நான் அழுதுகொண்டே போய்க் கத்தியை எடுத்து வந்தேன். அவர் விரல் காட்டிய இலையையெல்லாம் ஒவ்வொன்றாகத் தரையோடு அறுத்தேன், வேரைத் தொடவில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் சொன்னதை மறுபேச்சுப் பேசாமல் நான் கேட்டது அன்றைக்குத்தான்.