சுரண்ட முடியாத கண்கள்

"சரளாக்கா போயிட்டாங்க. வயித்து வலின்னு புதுச்சேரிக்குத் தூக்கிட்டுப் போனாங்க, காலைல முடிஞ்சிபோச்சு" என்று போனில் அழுதாள் ஜரீனா. அவள் சரளா வீட்டுக்குப் பக்கத்தில் மளிகைக்கடை வைத்திருப்பவள். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. "என்கிட்டயே அந்தக் கதையச் சொல்றியா? உண்மையச் சொல்லு!" என்று கத்தினேன். பாவம், அவள் தெரிந்ததைத்தான் சொன்னாள். குடல்வால் வெடித்ததை ஆஸ்பத்திரியில் டாக்டர் விளக்கிச் சொன்ன பிறகுதான் நம்பினேன்.

சரளாவை அறிந்தவர்களுக்கு என் சந்தேகம் புரியும். எங்கள் பக்கத்தில் ஒரு பெண் திடீரென்று செத்துப்போனால், கேட்பவர்களுக்குச் சொல்ல ஒரு பதில் தயாராக இருக்கும்: தீராத வயிற்று வலி. அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை. என் அக்கா தேன்மொழி செத்தபோது புகுந்த வீட்டில் அதைத்தான் சொன்னார்கள். அம்மாவும் ஊருக்கு அதையே சொன்னாள். அப்பா இல்லாத வீடு. கட்டிக்கொடுக்க நான் ஒருத்தி பாக்கி இருந்தேன்.

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்யும் ஷெட்டில் நானும் சரளாவும் ஒரே மேசை. நான் சேலைக்கு வண்ணம் அடிப்பேன், அவள் கண் எழுதுவாள். கல்யாண ஜோடிப் பொம்மையில் மாப்பிள்ளை நேராகப் பார்ப்பான், பெண் தரையைப் பார்ப்பாள், அதுதான் வழக்கம். ஒருநாள் ஒரு பெட்டி முழுக்க இருந்த மணப்பெண்களை நிமிர்ந்து பார்க்க வைத்துவிட்டாள் சரளா. வியாபாரி பெட்டியோடு திரும்பி வந்தார்.

"பொண்ணு மொறைக்குதும்மா. இத யாரு வாங்கி வூட்ல வைப்பாங்க?"

"மொறைக்கலீங்க, பாக்குது. பொண்ணு பாத்தாலே உங்களுக்கு மொறைக்கிற மாதிரி இருக்குது."

அன்றோடு அவள் வேலை போயிற்று. திரும்பி வந்த பெட்டியைத் தானே வாங்கிக்கொண்டு போனாள். சொந்தமாகச் சின்னச் சூளை வைத்துப் பட்டறை போட்டாள்.

அதிலிருந்து ஒரு ஜோடியை அக்காவின் கல்யாணத்துக்குக் கொடுத்தாள். அக்காவுக்கு அந்தப் பொம்மைகள் மேல் அவ்வளவு ஆசை. அவள் செத்த பிறகு சீர் சாமான்களோடு பெண் பொம்மை மட்டும் திரும்பி வந்தது. சுட்ட பிறகு எழுதிய பெயின்ட் என்பதால் பிளேடு வைத்தால் வந்துவிடும். யாரோ இரண்டு கண்களையும் சுரண்டி எடுத்திருந்தார்கள். நான் அதைச் சரளாவிடம் கொண்டுபோய், "திரும்ப எழுதிடு" என்றேன். அவள் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "வேணாம். அந்த வூட்ல யாரோ பயந்திருக்காங்க. அது தெரியட்டும்" என்றாள்.

அதன்பிறகு அவள் கண் எழுதும் முறையே மாறியது. முதலில் கண்ணை எழுதி, மேலே கண்ணாடி மாதிரி படியும் கிளேஸ் பூசி, மறுபடி சூளையில் வைத்தாள். "இனிமே கண்ணு வேணாம்னா ஒடைச்சாத்தான் உண்டு." அப்படித்தான் 'வயிற்று வலி' வரிசை பிறந்தது. இடுப்புயரப் பெண் பொம்மைகள், அடிப்பக்கத்தில் ஒரு பெயர், நேரான பார்வை. சென்னையிலும் கொச்சியிலும் கண்காட்சி வைத்தாள். பார்க்க வந்த பெண்கள் அவள் காதோரம் வந்து தங்கள் வீட்டுப் பெயர் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போவார்கள். ஊருக்குத் திரும்பியதும் பட்டறையில் அந்தப் பெயருக்கு ஒருத்தி எழுந்து நிற்பாள். பெண்ணியக் கலைஞர் என்று பத்திரிகைகளில் எழுதினார்கள். "பேரு நல்லாத்தான் இருக்குது. தனியா இருக்கறவளுக்கு வாடகைக்கு வூடு தர மாட்டேங்கறாங்களே" என்று சிரித்தாள். இன்று எங்கள் ஊர் ஷெட்டுகளில் பல பெண்கள் கிளேஸுக்கு அடியில்தான் கண் எழுதுகிறார்கள். மணப்பெண்கள் நிமிர்ந்துதான் பார்க்கிறார்கள், விற்கவும் செய்கிறார்கள்.

ஆனால் தேன்மொழி என்ற பெயரை மட்டும் அவள் எதிலும் எழுதவில்லை. அம்மா சம்மதிக்கவில்லை. "உங்கம்மா வாயால சொல்லட்டும். அதுவரைக்கும் இவ பேரில்லாம இருக்கட்டும்" என்று அந்தக் கண்ணில்லாத பொம்மையை எல்லாக் கண்காட்சியிலும் வரிசையின் கடைசியில் வைப்பாள். நான் அந்தப் பக்கம் போகவே மாட்டேன். கண்ணுள்ள அத்தனை பேரையும் விட அதுதான் என்னைப் பார்ப்பதுபோல் இருக்கும்.

அவள் பட்டறையிலேயே இரங்கல் கூட்டம் வைத்தோம். சுற்றிலும் அவளுடைய பொம்மைப் பெண்கள் நின்றார்கள். அம்மாவும் வந்திருந்தாள். பின்வரிசையில் யாரோ கேட்டார்கள், "சரளாவுக்கு என்னவாம்?"

"வயித்து வலியாம்."

"ஓ..."

அந்த 'ஓ' எங்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அக்காவின் சாவு வீட்டில் வாசல் முழுக்க அதைக் கேட்டிருக்கிறேன். அம்மா எழுந்து நின்றாள்.

"சரளாவுக்குத்தாங்க நெஜமாவே வயித்து வலி. டாக்டரே சொன்னாரு. எம் பொண்ணு தேன்மொழிக்கு வயித்து வலி கெடையாது. நாந்தான் இத்தன வருசமா பொய் சொன்னேன்."

நான் முதல்முறையாக வரிசையின் கடைசிக்குப் போய் அந்தப் பொம்மையை எடுத்து அம்மாவிடம் கொடுத்தேன்.

இப்போது அது எங்கள் வீட்டு ஷோகேஸில் இருக்கிறது. சரளாவிடமிருந்து எனக்குக் கிடைத்தது அது ஒன்றுதான். அடிப்பக்கத்தில் தேன்மொழி என்று எழுதி, கிளேஸ் பூசி, அவளுடைய சூளையிலேயே சுட்டு எடுத்தேன். சூட்டில் போன சேலை வண்ணத்தைத் திரும்ப அடித்தேன். கண் மட்டும் எழுதவில்லை. அம்மா தினமும் அதைத் துடைக்கிறாள். முகத்துக்கு வந்ததும் துணியை வைத்துவிட்டு விரலால் துடைக்கிறாள்.