முதல் வெள்ளித் தண்ணீர்

குருத்தோலை ஞாயிறன்று ஜீவிதா அயர்லாந்துக்கு நர்ஸ் வேலைக்குக் கிளம்பினாள். பூசையிலிருந்து ஓலைச் சிலுவையோடு ஓடிவந்த அவள் அம்மா ஷீலா, பெருங்களத்தூர் வீட்டு வாசலில் டாக்சியை மறித்து, ஏற்கெனவே பிதுங்கிய பெட்டிக்குள் இன்னொரு பொட்டலம் முறுக்கைத் திணித்தாள்.

“போதும்மா, வெடிச்சிடும்!”

போதும் என்ற சொல் ஷீலாவின் காதில் ஏறியதே இல்லை. பெண்கள் விடுதியில் சமைப்பவள். தட்டோடு தப்பியோடுகிற பெண்களையும் துரத்திப்போய் இன்னொரு கரண்டி சாம்பார் ஊற்றுவாள். செடிகளுக்கும் அதே கவனிப்புதான். ரோஜா மூழ்கிச் செத்தது. மணிபிளான்ட் அழுகியது. கற்றாழைகூடக் கூழாகிப்போனது. “செடிக்கு நீச்சல் கத்துக்குடு ஷீலா, அப்பவாவது பொழைக்கும்” என்பாள் கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுக்காரி தாயாரம்மாள்.

டாக்சியில் ஏறப்போன ஜீவிதா திரும்பினாள். “ஜன்னல் ஓரம் என் ஸ்நேக் பிளான்ட் இருக்கு. வெயில் வேணாம், உரம் வேணாம், கொஞ்சல் வேணாம். மாசம் ஒரு தடவை தண்ணி. அடுத்த வருசம் வரைக்கும் அதைக் கொல்லாம வச்சிருந்தேன்னா உன்னை அயர்லாந்துக்குக் கூட்டிக்கிறேன்.”

“செத்துட்டா?”

“வீடியோ கால்லயே அயர்லாந்தைப் பாத்துக்க.”

மீனம்பாக்கத்தில் ஏறி இறங்கும் விமானங்களை வாழ்நாள் முழுக்க அண்ணாந்தே பார்த்தவள் ஷீலா. அன்றே நெஞ்சில் கைவைத்துச் சபதம் போட்டாள். மாதத்தின் முதல் வெள்ளிப் பூசைக்குப் போகும்முன் செடிக்கு ஒரு டம்ளர் தண்ணீர். மற்ற நாளெல்லாம் அதற்கு விரதம், அவளுக்குத் தவம். நிறைகுடத்தோடு அந்தப் பக்கம் போக நேர்ந்தால், சண்டைக்காரியைக் கண்டதுபோல முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

ஐப்பசி மழையில் செடியின் பிளாஸ்டிக் தொட்டி ஒரு பக்கமாக உப்பத் தொடங்கியது. நீர் கோத்துக்கொண்டதோ? ஷீலா தினமும் தொட்டியைத் தடவித் தடவிப் பார்த்தாள். அடுத்த முதல் வெள்ளியன்று தொட்டியைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்கே போனாள்.

பூசை முடிந்ததும் புது பைக்குகளை மந்திரிக்க வரிசை. பைக்குகளுக்கு நடுவே செடியோடு ஷீலா. பங்குச் சாமியார் ஏசுதாசன் தீர்த்தம் தெளிக்கக் கையை ஓங்கினார்.

“ஐயோ சாமி, தண்ணி வேணாம்! காலைலதான் ஊத்துனேன்!”

“இது தீர்த்தம்மா.”

“தீர்த்தமும் தண்ணிதானே சாமி? இனிமே அடுத்த மாசம்தான்.”

சாமியார் செடியைப் பார்த்தார், செம்பைப் பார்த்தார். “சரி, இதுக்கு மட்டும் டிரை வாஷ்” என்று வெறுங்கையால் சிலுவை போட்டார். வரிசை முழுக்கச் சிரிப்பு.

திரும்பும்போது ஷேர் ஆட்டோ ஜிஎஸ்டி சாலையில் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. மடியில் படாரென்று ஒரு சத்தம். தொட்டி பிளந்திருந்தது. மண்ணுக்குள்ளிருந்து வெளுத்த பச்சையில், கொம்பு கொம்பாக, முண்டியடித்துக்கொண்டு குட்டிச் செடிகள் எட்டிப் பார்த்தன.

ஓட்டுநர் சேட்டு திரும்பிப் பார்த்தான். “இன்னாக்கா, வண்டியிலயே பெத்துகிச்சா?”

“நோவுன்னு நெனச்சேம்பா! புள்ளத்தாச்சியா இருந்திருக்கு!”

“ஆம்புலன்ஸ் சார்ஜ் போட்ரவா?”

ஷீலா சிரித்த சிரிப்பில் இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போய்விட்டது. மடியெல்லாம் மண்ணோடு, பிள்ளைகளைச் சேலை முந்தானையில் ஏந்திக்கொண்டு நடந்தே வந்தாள். தாயாரம்மாள் வாசலில் நின்று வாயைப் பிளந்தாள்.

குட்டிகள் விடுதிப் பெண்களின் அறைகளுக்குப் போயின. தினமும் சாம்பார் ஊற்றும்போதே விசாரணை நடக்கும்: “தண்ணி ஊத்துனியாடி? ஊத்துனே, தொலைச்சிடுவேன்!”

மறு குருத்தோலை ஞாயிறு வந்தது. தாய்ச்செடி புதுத் தொட்டியில் ஜன்னல் கம்பியைத் தொட்டுக்கொண்டு நின்றது. சொன்னபடி ஜீவிதா அம்மாவுக்கு விசா கேட்டு மனுப் போட்டாள். ஆனால் அது மறுக்கப்பட்டது. மறுபடி போட்டதும் இழுத்துக்கொண்டே போனது. ஷீலா சளைக்காமல் ஒவ்வொரு முதல் வெள்ளியும் செடியின் படத்தை மகளுக்கு அனுப்பினாள். இன்னொரு மழைக்காலமும் முடிந்த பிறகு, ஒரு மதியம் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தபோது செல்போன் சிணுங்கியது.

“அம்மா, விசா வந்துடுச்சு. டிக்கெட் போட்டாச்சு, ஜன்னல் சீட்டு. பிளேன்ல எழுந்து நின்னு மத்தவங்களுக்குச் சாப்பாடு பரிமாறாதே. அதுக்கு அங்க ஆள் இருக்காங்க.”