பாதி டேங்க்

நேற்று பங்கில் பெட்ரோல் அடிக்கும் பெண், "ஃபுல் அடிக்கட்டே சேட்டா?" என்றாள். பாதி போதும் என்றேன். பக்கத்திலிருந்த என் மனைவி சிரித்தாள். நான் ஒரு நாளும் டேங்கை நிரப்பியதில்லை. கஞ்சத்தனம் என்பது அவள் முடிவு. அந்தப் பெயர் எனக்கும் வசதிதான்.

பெட்ரோல் வாடை வந்தால் எர்ணாகுளத்துக்கு எதிர்க்கரையில் இருந்த கொச்சங்காடி ஷெட்தான் ஞாபகம் வரும். எழுபதுகளின் கடைசியில் அங்கே மெக்கானிக்காக இருந்தேன். பக்கத்தில் சுக்கு மூட்டைகள் அடுக்கும் கிட்டங்கி. இரண்டு வாடையும் கலந்து சோற்றுப் பொட்டலம் வரை வந்துவிடும். செல்வராஜ் அண்ணாச்சி தன் பழைய அம்பாசடர் டாக்ஸியை அங்கேதான் கொண்டுவருவார். தென்காசிக்காரர், சுள்ளிக்கல்லில் குடியிருப்பு, வாயில் எப்போதும் பீடி.

"ஏலே, டிக்கியில பெட்ரோல் மணம் வருது. ஒண்ணு நோக்கு," என்றார் ஒரு நாள்.

பெட்ரோல் எவ்வளவு இருக்கிறதென்று மீட்டருக்குச் சொல்லும் மிதவை, டேங்கின் மேல்பக்க ஓட்டை வழியாக உள்ளே இறங்கும். ஓட்டையைச் சுற்றி ஒரு ரப்பர் வாஷர். அது விண்டுபோயிருந்தது. புதியது வாங்க எர்ணாகுளத்துக்குப் படகேற வேண்டும். எனக்குச் சோம்பல். சைக்கிள் டியூபை வட்டமாக வெட்டி வைத்து முறுக்கிவிட்டேன். பெட்ரோல் பட்டால் அந்த ரப்பர் ஊதிக் கொழகொழத்துவிடும் என்பது எனக்குத் தெரியும். அவரிடம் புது வாஷர் என்றேன்.

ஒழுகவில்லை. எப்படி ஒழுகும்? அந்தக் காலத்து டாக்ஸிக்காரர்கள் நாலு லிட்டர், ஐந்து லிட்டர் என்றுதான் போடுவார்கள். பெட்ரோல் அந்த உயரத்துக்கு ஏறியதே இல்லை. நானும் மறந்துவிட்டேன்.

மூன்று மாதம் கழித்து அவர் அம்மா தென்காசியில் இறந்துபோனார். அண்ணாச்சி டேங்கை நிரப்பிக்கொண்டு தனியாகக் கிளம்பினார். மலையேற்றத்தில் பெட்ரோல் டிக்கிக்குள் வழிந்திருக்கிறது. ரேடியேட்டருக்குத் தண்ணீர் எடுக்க நிறுத்தியவர், பீடியைப் பற்றவைத்துக்கொண்டே தண்ணீர்க் கேன் இருந்த டிக்கியைத் திறந்திருக்கிறார்.

அம்மாவுக்குக் கொள்ளி வைக்க அவர் போய்ச் சேரவில்லை. ஆஸ்பத்திரியில் அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை, கட்டுப் போட்ட கைகளையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நீ புது வாஷர்தானலே வச்சே?"

"ஆமா அண்ணாச்சி."

"அப்ப எம் பீடிதான் பண்ணிருக்கு," என்றார். ஒன்பதாம் நாள் போய்விட்டார்.

அவர் மனைவி ஊருக்குக் கிளம்புமுன் ஷெட்டுக்கு வந்தார். "அந்தப் பீடிய மட்டும் விட்டிருந்தா இருந்திருப்பாரு தம்பி," என்று அழுதார். நான் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலுக்காக இன்றும் என்னை எனக்குப் பிடிக்காது.

ஷெட் இருந்த இடத்தில் இப்போது வெளிநாட்டுக்காரர்களுக்கான பழம்பொருள் கடை. கிட்டங்கி இல்லை, அந்த டாக்ஸிகளும் இல்லை. போன வருஷம் அண்ணாச்சியின் மனைவியும் இறந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். பீடி மட்டுமில்லை, நான் வெட்டி வைத்த சைக்கிள் டியூபும்தான் என்று போய்ச் சொல்ல இனி ஆள் இல்லை.