அரைவட்டத் தலைப் புழுவின் உறவுமுறை

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்ட வியாழக்கிழமை அந்தப் புழு அகப்பட்டது. நாளைக் குறித்துக்கொள்வது என் வழக்கம். அடையாற்றில் நாங்கள் குடியிருக்கும் அடுக்ககத்தின் மொட்டைமாடியில், கீழ்வீட்டு அம்மாள் மண்புழு உரம் தயாரிக்கும் பிளாஸ்டிக் டப்பின் விளிம்பில் ஊர்ந்துகொண்டிருந்தது. ஒரு சாண் நீளம், நாடா போன்ற உடல், முதுகில் கருங்கோடு, விரித்த விசிறியாய் அரைவட்டத் தலை.

அன்று மாலையே சங்கச் செயலாளர் எல்லோரையும் கார் நிறுத்துமிடத்தில் கூட்டினார். புழு வளர்த்தால் புழுதான் பெருகும், ஞாயிற்றுக்குள் டப்புகள் போக வேண்டும் என்றார். அந்த அம்மாளின் கீரைத் தொட்டிகள் எல்லாம் அந்த உரத்தை நம்பித்தான் இருந்தன. அந்த அம்மாள் என் பக்கம் திரும்பினார்.

"சார் படிச்சவரு. மண்புழுவும் இதுவும் ஒண்ணா? நீயே சொல்லு சார்."

சொன்னேன். மண்புழுவுக்கு உடம்பெங்கும் வளையங்கள். வாய் ஒரு முனை, கழிவு மறுமுனை. இது தட்டைப்புழு. வளையமே இல்லை, வயிற்றுப் பக்கம் ஒரே துளை, உண்பதும் கழிப்பதும் அதன் வழியேதான். உயிரினப் பகுப்பில் இரண்டும் வெவ்வேறு தொகுதி. செயலாளர் தலையாட்டினார். உறவென்று வந்தபின் பாதியில் விட எனக்கு மனம் வரவில்லை.

"குளத்துல இருக்கற தட்டைப்புழுதான் இதுக்குக் கிட்டத்து சொந்தம். நாடாப்புழு தூரத்து சொந்தம்."

"நாடாப்புழுவா? குழந்தைங்க விளையாடற மாடி சார் அது," என்றார் செயலாளர்.

டப்புகள் போவது உறுதியாகி, கூட்டம் அத்துடன் கலைந்தது. படிக்கட்டில் அந்த அம்மாள் என்னை நிறுத்தினார்.

"இன்னா சார் இப்டி பண்ட்ட?"

"நான் சொன்னதுல தப்பில்லைம்மா."

"தப்பில்ல சார். அத்த அங்க ஏன் சொன்ன?"

வெள்ளிக்கிழமை முழுதும் இருப்புக்கொள்ளவில்லை. இது குடலுக்குள் வாழ்வதல்ல, மண்புழுவைத் தின்று பிழைப்பது என்று வீடு வீடாகச் சொல்லிப் பார்த்தேன். எல்லோருக்கும் நாடாப்புழு மட்டுமே நினைவில் நின்றது. வீட்டில் புத்தகங்களைப் புரட்டினேன். இந்த அரைவட்டத் தலைக்காரர்களுக்கு முன்பு தனிக் குடும்பம் இருந்தது. இப்போது நிலத்தட்டைப்புழுக்களின் பெரிய குடும்பத்துக்குள் ஓர் உட்பிரிவாகச் சேர்த்துவிட்டார்கள். அந்தப் பக்கத்தின் கீழே இருந்த ஒரு வரியில் கண் நின்றது: இவை ஊர்விட்டு ஊர் போவது பெரும்பாலும் நாற்றுப்பண்ணைத் தொட்டி மண்ணில்.

சனிக்கிழமை காலை குடையோடு வாசலுக்கு இறங்கினேன். தீபாவளிக்கென்று செயலாளர் நர்சரியிலிருந்து வாங்கி வைத்த குரோட்டன் செடிகள், வந்த கறுப்புப் பையைக்கூடப் பிரிக்காமல் நின்றன. ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தேன். சுவரோரத்துப் பையின் அடித்துளையில் அதே அரைவட்டத் தலை.

செயலாளர் பனியனோடு வந்து குனிந்து பார்த்தார். அந்த அம்மாளும் வந்து நின்றார்.

"மேல கிடைச்சதும் இதுவும் ஒண்ணுதானா சார்?" என்று கேட்டார் செயலாளர்.

என்னால் உடனே ஆமென்று சொல்ல முடியவில்லை. கோடு ஒன்றாகவே இருந்தாலும் இனம் வேறாக இருக்கலாம். மரபணு பார்க்காமல் யாரும் உறுதி சொல்வதில்லை. அந்த அம்மாள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"குடும்பம் ஒண்ணு. அதுவரைக்கும் நிச்சயம். மத்தது..."

"அதுக்கு மேல ஒண்ணும் சொல்லாத சார்," என்றார் அந்த அம்மாள்.

செயலாளர் தன் குரோட்டன்களைப் பார்த்தார். "என் செடியோடதான் வந்திருக்கும் போல. சரி, டப்பு இருக்கட்டும்," என்று உள்ளே போய்விட்டார்.

டப்புகள் இன்றும் மாடியில்தான் இருக்கின்றன. இரண்டும் ஒரே இனமா என்பது எனக்கு இன்னும் தெரியாது. ஒவ்வொரு முறை மழை நின்றதும் குடையை மடக்கிக்கொண்டு போய், இன்னொன்று அகப்படுமா என்று தொட்டிகளைத் தூக்கிப் பார்க்கிறேன்.